முறையீடும் உரிமையே

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

செங்கற்பட்டு என்றதும் கொளவாய் ஏரி நம் நினைவுக்கு வருகிறது. மாமல்லபுரம் என்றதும் கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் கண்முன் தோன்றுகின்றன. இவை யாவும் பெருமைக்குரியவையே. ஆயினும் இம்மாவட்டத்திற்கு நாம் அதிகம் பேசாத இன்னொரு வரலாறும் உண்டு. அது மனுக்களின் வரலாறு. நிலம் வேண்டியும், சாலையில் நடக்க உரிமை வேண்டியும், பந்தியில் இடம் வேண்டியும் இம்மண்ணின் மக்கள் கேட்டவற்றின் வரலாறு அது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் அனைவரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் நீதி வழங்கினான். இக்கதையைச் சொல்வோர் அரசனின் நேர்மையையே வியந்து பேசுவர். எனக்கு அந்த மணியின் கயிறு முக்கியமாகப் படுகிறது. பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அது தொங்கியதால்தான் அரசனுக்குச் செய்தி தெரிந்தது. இன்று தீண்டாமைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராகச் சட்டங்கள் பல உள்ளன. அவற்றின் கயிறு எங்கே தொங்குகிறது, அதை எப்படி இழுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனு எழுதிய மண்

1891ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்பவர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதிச் சென்னை அரசுக்கு அனுப்பினார். சொந்த நிலமின்மையே அவர்களது அடிமை நிலைக்குப் பெருங்காரணம் என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. நம் மாவட்டத்தில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆணையாக மாறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்திலேயே மனுவின் வலிமையை நன்கு உணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியவர். தம் மக்களின் கருத்தை நீண்டதொரு மனுவாக எழுதி, ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்துடன் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கே அனுப்பி வைத்தார். பின்னாளில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடும் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என முழங்கியது.

இவ்வரலாற்றில் துயரப் பக்கமும் உண்டு. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது, 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முன் அரசாணை தந்த நிலத்தைக் கேட்கப் போய் உயிர் போயிற்று. ஆணை பிறந்தால் மட்டும் போதாது. அது மீறப்படும்போது கேட்பதற்கு வழியும், கேட்டவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டம் ஏறிவந்த படிகள்

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாது என்றது.

இதைச் செயற்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. கோயிலில் நுழையத் தடுத்தல், கடையில் பொருள் தர மறுத்தல், தனிக் குவளை வைத்தல், மருத்துவமனையிலோ பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்க மறுத்தல் ஆகியவை இதன்படி குற்றங்கள். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அத்துடன் 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். தண்டனை சிறிதாயினும் இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு பெரிது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிரியைச் சேரும்.

மூன்றாம் படி 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு எதிரான கொடுமைகளுக்குக் கடுந்தண்டனை விதித்தது. 2015இல் செய்யப்பட்ட திருத்தம் சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகியவற்றையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. 2018இல் சேர்க்கப்பட்ட 18-அ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதியுமுன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை எனத் தெளிவாக்கியது.

ஒரு பந்தியும் ஒரு பட்டியலும்

2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தம்மை உட்காரவிடாமல் வெளியேற்றியதாக நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொலி நாடெங்கும் பரவியது. அக்டோபர் 29ஆம் நாள் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அக்கோயிலுக்கு வந்து அப்பெண்ணுடனும் மற்ற மக்களுடனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அருகிலுள்ள பூஞ்சேரிக்கு நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ் உள்ளிட்டவற்றை வழங்கினார். இது வரவேற்கத்தக்க நிகழ்ச்சி.

ஆனால் சட்டம் பயில்வோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021இல் தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருந்தனர். ஆகவே அன்று அப்பெண்ணுக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை கிடையாது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமானமும் கிடையாது. தீண்டாமையே காரணம் என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவர் பக்கமே இருந்திருக்கும். பக்கத்துக் குடிசையில் வாழும் இருளர் பெண்ணுக்கு இதே அவமானம் நேர்ந்திருந்தால், இருளர் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால், சட்டம் வேறு வகையில் பேசியிருக்கும். அவமானம் ஒன்றே, பட்டியல் வேறு. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியாகவே நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர்.

எனவே முறையிட விரும்புவோர் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது மிக இன்றியமையாதது. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் அதை வழங்குகின்றனர். கல்லூரியில் சேர மட்டுமே அச்சான்றிதழ் என்று நம்மில் பலர் கருதுகிறோம். வழக்கு நடக்கும்போதும் அதுவே அடிப்படை ஆவணம்.

இன்னொன்றும் உண்டு. அப்பெண்ணின் குரல் காணொலியால் எட்டியது. நாள்தோறும் எத்தனையோ கடைகளிலும் கோயில்களிலும் நடக்கும் சிறுமைகளைப் படம் பிடிக்க யாரும் இருப்பதில்லை. அமைச்சரும் எல்லா ஊருக்கும் வர இயலாது. படம் பிடிக்கப்படாதவருக்கு உள்ள ஒரே சாட்சி அவர் எழுதிக் கொடுக்கும் மனுதான்.

எங்கே முறையிடுவது?

முதல் இடம் காவல் நிலையம். நம் நாட்டில் தீண்டாமை குற்றமாக வகுக்கப்பட்டிருப்பதால் காவல்துறையே முதற்கதவு. வாய்மொழியாகச் சொன்னாலும் காவலர் அதை எழுதி, படித்துக் காட்டி, பின்னரே கையொப்பம் பெற வேண்டும். நகலையும் இலவசமாகத் தர வேண்டும். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரியே புலன் விசாரணை செய்ய வேண்டும்.

இரண்டாவது மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாரும் மனுக் கொடுக்கலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடி வன்கொடுமை வழக்குகளை ஆராய வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி.

மூன்றாவது ஆணையங்கள். அரசியலமைப்பின் 338ஆம் பிரிவின்கீழ் பட்டியல் சாதியினருக்கும், 338-அ பிரிவின்கீழ் பழங்குடியினருக்கும் தனித்தனியே தேசிய ஆணையங்கள் உள்ளன. 2004 வரை இரண்டுக்கும் ஒரே ஆணையமே இருந்தது. 2021இல் தமிழ்நாடு அரசும் சட்டம் இயற்றி ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்தை அமைத்தது. இவ்வாணையங்கள் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும், ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் பெற்றவை. தண்டனை விதிக்கும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. ஆயினும் தூங்கும் கோப்பை எழுப்பும் ஆற்றல் உண்டு. பெயரில்லாத மொட்டைக் கடிதத்தையும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவகாரத்தையும் இவை பொதுவாக ஏற்பதில்லை.

நான்காவது 1997 முதல் சென்னையில் இயங்கிவரும் மாநில மனித உரிமை ஆணையம். காவலரோ வேறு அரசு ஊழியரோ உரிமையை மீறினாலும், மீறலைத் தடுக்கத் தவறினாலும் இங்கே முறையிடலாம். ஆனால் நிகழ்ச்சி நடந்த ஓராண்டுக்குள் மனு சென்றுசேர வேண்டும். இக்கெடு தெரியாமல் காலம் கடத்தி உரிமையை இழப்போர் பலர்.

மனுவில் இருக்க வேண்டியவை

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, படிச்ச புள்ள நீ. இத ஒருவாட்டி பாரு. குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல" என்று ஒரு தாளை நீட்டினார். தேநீர்க் கடையொன்றில் தமக்கு மட்டும் தனிக் குவளை வைப்பது பற்றி, மனு எழுதித் தருபவர் ஒருவரைக் கொண்டு எழுதிய மனுவின் நகல் அது. 'சமூகம் அவர்களுக்கு', 'தாழ்மையுடன் வணங்கி', 'கருணை கூர்ந்து' என்ற சொற்களே அரைப்பக்கம் நிறைந்திருந்தன. எந்த நாள், எந்த நேரம், யார் என்ன சொன்னார், யார் பார்த்தார் என்பவை இல்லவே இல்லை. கொடுத்ததற்கு ரசீதும் இல்லை. வணக்கம் நிறைய இருந்தது, செய்தி இல்லை.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதற்காகச் சட்டத்தைப் புரட்டியபோது நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

1. நாள், கிழமை, நேரம், இடம். இடத்தைக் குறிப்பிடும்போது அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதா என்பதையும் எழுத வேண்டும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுப் பார்வையில்' நிகழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாலு சுவருக்குள் வெளியார் எவரும் இல்லாதபோது பேசியது அதில் அடங்காது என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

2. சொன்ன சொற்களை அப்படியே எழுதுதல். 'தகாத வார்த்தை பேசினார்' என்று நாகரிகம் கருதி எழுதினால் வழக்கு நலிந்துபோகும். எழுதக் கூசினாலும் பேசிய சொல்லையே எழுத வேண்டும்.

3. பாதிக்கப்பட்டவரின் சாதியும் எதிரியின் சாதியும். எதிரி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால்தான் 1989ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். எதிரிக்கு நம்மை முன்பே தெரியும் என்றால் அதையும் எழுத வேண்டும். சாதி தெரிந்தே செய்தார் என்ற அனுமானத்துக்கு அது உதவும்.

4. சாட்சிகளின் பெயர். அவர்களிடம் முன்னதாகக் கேட்டு, இசைவு பெற்று எழுதுவது நலம்.

5. கோரிக்கை. 'கருணை' வேண்டாம். 'வழக்குப் பதிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற ஒரே வரி போதும்.

6. நகலும் ரசீதும். ரசீது எண்ணில்லாத மனு முகவரியில்லாத கடிதம் போன்றது.

பெரியவரின் புதிய மனுவுக்கு ரசீது எண் கிடைத்தது. மூன்றாம் வாரம் விசாரணைக்கு வந்தார்கள். கடையில் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி டம்ளர் வந்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதுவரை அவரை வழக்கமாக நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். "டம்ளரு மாறிடுச்சு தம்பி, அடுப்புதான் எரியல" என்றார். சாதியை முன்னிட்டு இவ்வாறு கூடிப் புறக்கணிப்பதும் தனிக் குற்றம் என்பதை அவருக்குச் சொன்னேன். இரண்டாவது மனு எழுதப்பட்டது. அது இன்னும் விசாரணையில் உள்ளது. மனு எழுதுவோர் இந்த விலையையும் எண்ணிப் பார்த்தே துணிய வேண்டும். உடன் நிற்போர் அவ்விலையில் பங்கேற்க வேண்டும்.

மனு ஏற்கப்படாவிட்டால்

காவல் நிலையத்தில் பலமுறை நடப்பது இதுதான்: முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது தந்து, இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவது. சி.எஸ்.ஆர். ரசீது வழக்குப் பதிவு ஆகாது. புலன்கொள் குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தீண்டாமைக் குற்றங்களைச் சமாதானம் பேசி முடிக்க 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இடமில்லை.

நிலைய அதிகாரி மறுத்தால், அதே தகவலை எழுத்தில் தபால் மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதுவும் பயனற்றுப் போனால் நீதித்துறை நடுவரை நாடலாம். பட்டியல் சாதியினர் அல்லாத, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். குற்றத்தின் தன்மைக்கேற்ப மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் வகுத்தன. அதில் ஒரு பகுதி பல குற்றங்களில் வழக்குப் பதிந்த நிலையிலேயே தரப்பட வேண்டியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் 1965 முதல் இயங்குகிறது. வேலையில் பாகுபாடு கண்டவர் பொதுவாக 180 நாட்களுக்குள் அங்கே முறையிட வேண்டும். சில நகரங்களுக்குத் தனிக் குடியுரிமை அலுவலகமே உண்டு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து, அது பற்றிய புகார்களை அந்நகரக் குடியுரிமை அலுவலகமே விசாரிக்க வழிசெய்தது. நம்மூர்ச் சாதி கடல் கடந்தது. அதைப் பின்தொடர்ந்து சட்டமும் சென்றது.

அங்கே புகாரைப் பெறும் அலுவலகம் பெரும்பாலும் சமரசம், இழப்பீடு என்னும் வழியில் செல்கிறது. நம் நாட்டில் சிறைத்தண்டனை வழியே முதன்மையானது. தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் மறைமுகமாக நடக்கும் பாகுபாட்டைக் கேட்க, எல்லோருக்கும் பொதுவான முழுமையான சட்டமொன்று நம்மிடம் இன்னும் இல்லை. 'வீடு காலியில்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர் மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? இது நம் சட்டம் படிக்கும் நண்பர்கள் சிந்திக்க வேண்டிய வினா.

மாணவர் கடமை

உயர்கல்வி நிலையங்களில் வாய்ப்புச் சமத்துவப் பிரிவும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிமுறைகள் வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் அந்த அலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் ஊர்களில் மனு எழுதத் தெரியாதோர் இன்னும் உள்ளனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு ஒரு நாள் மாலை, மரத்தடியில் அமர்ந்து மனு எழுதிக் கொடுத்தால் என்ன? சாதிச் சான்றிதழ் இல்லாத இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தால் என்ன? இதற்குச் செலவு ஒரு பேனாவும் சில தாள்களுமே. பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

முடிவுரை

இரட்டைமலை சீனிவாசன் காலத்தில் மனு என்பது ஆள்வோரிடம் வைக்கும் விண்ணப்பமாக இருந்தது. இன்று அது குடிமகன் தன் அரசுக்கு அதன் கடமையை நினைவூட்டும் ஆவணம். அதில் தலைகுனிவு தேவையில்லை. நாளும் நேரமும் இடமும் சாட்சியும் தேவை. சட்டம் என்னும் மணியை நம் முன்னோர் பாடுபட்டுக் கட்டிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். கயிறு எட்டாதவர்களின் கைக்கு அதை எட்டச் செய்வது படித்தவர்களாகிய நம் பொறுப்பு.